வித்தில் வந்தது எது, வெயிலில் வந்தது எது?

பரம்பரை இயல்புகள் பற்றி விவசாயக் குடும்பங்களுக்கு ஒரு பாடம்

விதைநெல்லை இழப்பது மட்டக்களப்பு வாவியின் இரு கரை மக்களுக்கும் புதிதல்ல. 1978 நவம்பரில் சூறாவளி அதைக் கொண்டுபோனது. 1990 இல் உயிரைக் காத்துக்கொண்டு ஓடியபோது பட்டடையில் இருந்த நெல்லும் பட்டியில் நின்ற மாடும் அப்படியே விடுபட்டன. 2004 டிசம்பர் 26 இல் கடல் வந்தது. 2006 இலும் 2007 இலும் வாகரையிலிருந்தும் படுவான்கரையிலிருந்தும் குடும்பம் குடும்பமாக எழுந்து நடந்தோம். 2011 சனவரியில் அறுவடைக்கு நின்ற வேளாண்மை வெள்ளத்தில் அழுகியது.

ஒவ்வொரு முறையும் மீண்டும் தொடங்கும்போது கையில் கிடைப்பது கொஞ்சம்தான்: நிவாரணமாக வந்த ஒரு மூடை விதைநெல், ஒரு பைக்கற்று மரக்கறி விதை, இரண்டு மெலிந்த ஆடு. இவற்றில் எதை வைத்திருப்பது, எதை விற்பது, எதை உண்பது என்று உடனேயே தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. அந்தத் தீர்மானம் பிழைத்தால் பல போகங்கள் பின்தள்ளப்படுவோம். ஊர் திரும்பியவர்களுக்கும், இன்னும் உறவினர் வளவில் இருப்பவர்களுக்கும் அந்த நேரத்தில் உதவட்டும் என்றே இந்தப் பாடத்தை எழுதுகிறோம்.

1. தோற்றத்தை ஆக்குபவை இரண்டு

ஒரு பயிரோ மிருகமோ நம் கண்ணுக்குத் தெரியும் தோற்றத்தைப் பெறுவதற்குக் காரணங்கள் இரண்டு. ஒன்று, அது தாய் தகப்பனிடமிருந்து பெற்ற வித்து. மற்றது, அது வளர்ந்த விதம்: மண், தண்ணீர், பசளை, தீனி, நோய், வெயில். முதலாவது பிள்ளைக்குப் போகும். இரண்டாவது போகாது.

வயலைப் பாருங்கள். வரம்போரத்தில் நிற்கும் நெல் சில இடங்களில் நடு வயலில் நிற்பதைவிடச் செழித்திருக்கும். பக்கத்தில் போட்டிக்கு வேறு பயிர் இல்லை, வெளிச்சம் அதிகம், சில வேளை பசளையும் அங்கே கூடுதலாக விழுந்திருக்கும். அந்தப் பெரிய கதிரைக் கொய்து விதைக்கு வைத்தால் அடுத்த போகம் முழு வயலும் அப்படி வருமா? வராது. அது வரம்பு தந்த செழிப்பு, வித்து தந்தது அல்ல.

இதை ஒருவர் முறையாகச் செய்து பார்த்திருக்கிறார். டென்மார்க் நாட்டு அறிஞர் வில்ஹெல்ம் யொகான்சன் ஒரே செடியின் வழிவந்த போஞ்சி விதைகளைப் பெரியவை, சிறியவை என்று பிரித்து வேறு வேறாக நட்டார். பெரிய விதையின் பிள்ளைகளும் சிறிய விதையின் பிள்ளைகளும் சராசரியில் ஒரே நிறையாகவே காய்த்தன. 1903 இல் அவர் இதை வெளியிட்டார். இரண்டினுள்ளும் இருந்தது ஒரே வித்து. ஒன்று நன்றாக உண்டது, மற்றது குறைய உண்டது. வேறுபாடு அவ்வளவே.

நமக்கு இதில் பெரிய செய்தி இருக்கிறது. இடம்பெயர்வு உடலை மெலியச் செய்யும். வித்தை மாற்றாது. வருடக்கணக்காகத் தீனியின்றி அலைந்த நல்ல இன மறியாடு எலும்பும் தோலுமாக நிற்கலாம். அதன் வித்து பழைய வித்தேதான். அதைக் குறைந்த விலைக்கு இறைச்சிக்கு விற்றுவிட்டு, பார்வைக்குக் கொழுத்த வேறொன்றை வாங்குவது பல வேளை நட்டத்தில் முடியும்.

2. மறைந்திருந்து வருபவை

"தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை" என்கிறோம். ஆனால் தாய்க்கும் தகப்பனுக்கும் இல்லாத குணம் சில வேளை பிள்ளையில் தோன்றுகிறது. பாட்டனுக்கு இருந்தது பேரனுக்கு வருகிறது. இது எப்படி?

இதற்கு விடை கண்டவர் ஒரு குருவானவர். கிரகோர் மென்டல் 1822 இல் ஓர் ஏழை விவசாயியின் மகனாகப் பிறந்தார். இன்றைய செக் நாட்டிலுள்ள புரூண் நகரத்து அகுஸ்தீனார் மடத்தில் சேர்ந்தார். 1856 முதல் 1863 வரை மடத்துத் தோட்டத்தில் ஏறத்தாழ 28,000 பட்டாணிச் செடிகளை வளர்த்து, ஒவ்வொன்றையும் எண்ணிக் குறித்தார்.

உயரமான செடியையும் கட்டையான செடியையும் அவர் கலந்தார். பிறந்த எல்லாம் உயரமாகவே வளர்ந்தன. கட்டைக் குணம் அழிந்துபோனது போலத் தோன்றியது. பிறகு அந்த உயரமான பிள்ளைகளைத் தமக்குள்ளேயே காய்க்க விட்டார். பேரப்பிள்ளைகளில் 787 செடிகள் உயரமாகவும் 277 செடிகள் கட்டையாகவும் வந்தன. ஏறத்தாழ மூன்றுக்கு ஒன்று. வேறு குணங்களிலும் அதே கணக்கு வந்தது.

அவர் கண்ட காரணம் இதுதான். ஒவ்வொரு குணத்துக்கும் உயிர் இரண்டு சீட்டுக்களைச் சுமக்கிறது. ஒன்று தாய் தந்தது, மற்றது தகப்பன் தந்தது. அது தன் பிள்ளைக்குக் கொடுக்கும்போது இரண்டில் ஒன்றை மட்டுமே கொடுக்கிறது. எது போகும் என்பது குலுக்கல். உயரச் சீட்டும் கட்டைச் சீட்டும் ஒன்றாக இருந்தால் உயரமே வெளியே தெரியும். இப்படி வெளியே தெரிவதை ஆட்சியான இயல்பு என்றும், மறைந்து நிற்பதைப் பின்னிடைவான இயல்பு என்றும் பாடசாலைப் புத்தகங்கள் சொல்கின்றன. சீட்டுக்குப் பரம்பரையலகு என்று பெயர்.

இரண்டு பக்கமும் மறைந்திருந்த கட்டைச் சீட்டுக்கள் ஒரு பிள்ளையில் சந்தித்தால் அந்தப் பிள்ளை கட்டையாகப் பிறக்கும். நான்கு விதமான சேர்க்கையில் ஒன்று அப்படி அமையும். மூன்றுக்கு ஒன்று வந்தது இதனால்தான்.

1866 இல் மென்டல் இதை அச்சிட்டார். அதன் பெறுமதியை அன்று எவரும் உணரவில்லை. அவர் 1884 இல் காலமானார். 1900 இல்தான் உலகம் அதைத் திரும்பக் கண்டுபிடித்தது.

இங்கே நம் ஊர் வழக்கம் ஒன்றையும் நினைவுபடுத்துகிறோம். மட்டக்களப்பில் குடி தாய்வழியாக வருகிறது. அது சமூகத்தின் ஒழுங்கு. வித்தின் கணக்கிலோ தாயும் தகப்பனும் சரிபாதி. ஆட்டிலும் மாட்டிலும் மறியை மட்டும் பார்த்து வாங்கி, கிடாய் எதுவானாலும் சரி என்று விடுவது பாதி வித்தைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவதற்குச் சமம்.

3. உவர் தாங்கும் நெல் பிறந்த கதை

முகத்துவாரம் வெட்டுப்படும்போது கடல் நீர் வாவிக்குள் ஏறுகிறது. வாவியோரத் தாழ்நிலங்களில் உவர் ஏறினால் நெற்பயிர் நுனி கருகி, கதிர் பதராகிறது. இந்த நிலங்களுக்கு ஏற்ற நெல்லைப் பெறுவதற்கு மென்டலின் கணக்கு உதவியிருக்கிறது.

கேரளக் கரையோரத்தில் பொக்காளி என்ற பழைய நெல் உண்டு. உவர் நீர் ஏறி இறங்கும் வயல்களிலேயே அது தலைமுறை தலைமுறையாக விளைந்துவந்தது. உவரைத் தாங்கும் குணம் அதன் வித்திலேயே இருக்கிறது. ஆனால் அது நெடிய பயிர், சாய்ந்துவிடும், விளைச்சலும் குறைவு. நம் நாட்டு பி.ஜி. 94-1 நெல்லோ மூன்றரை மாதத்தில் நன்றாக விளையும், ஆனால் உவரைத் தாங்காது. அம்பலாந்தோட்டை நெல் ஆராய்ச்சி நிலையத்தார் இந்த இரண்டையும் கலந்தார்கள். அதன் வழியில் வந்ததுதான் ஏ.ரி. 354. 1990களின் தொடக்கத்தில் அது விவசாயிகளுக்கு வழங்கப்பட்டது.

கலப்பது ஒரு நாள் வேலை, தெரிவதுதான் பல வருட வேலை. நெற்பூ தன் மகரந்தத்தாலேயே கருக்கொள்ளும். ஆகவே பூ விரியுமுன் ஆண் பகுதியைக் கையால் அகற்றி, மற்ற நெல்லின் மகரந்தத்தைத் தூவ வேண்டும். முதல் தலைமுறை எல்லாம் ஒன்றுபோல் வரும். இரண்டாம் தலைமுறையில் சீட்டுக்கள் குலுக்கப்பட்டு உயரமும் கட்டையும், உவர் தாங்குவதும் தாங்காததும் பல விதமாகக் கலந்து வரும். உவர் தாங்கும் குணம் ஒரு பரம்பரையலகில் அடங்கியதல்ல, பல சேர்ந்து அதை ஆக்குகின்றன. ஆகையால் வேண்டிய குணங்கள் சேர்ந்த செடிகளைத் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்து, இனி மாறாது என்ற நிலை வரும்வரை வளர்க்க வேண்டும்.

பழைய எச் 4 நெல்லும் இப்படித்தான் பிறந்தது. நம் முருங்கக்காயன் நெல்லையும் இந்தோனேசியாவின் மாஸ் நெல்லையும் கலந்து, பத்தலகொடையில் தெரிந்தெடுத்து, 1950களின் இறுதியில் வெளியிட்டார்கள். பழைய நெல் வெளியே விளைச்சல் குறைந்ததாகத் தெரியலாம். உள்ளே உவரையோ வரட்சியையோ நோயையோ தாங்கும் வித்தை வைத்திருக்கலாம். ஆகவே உங்கள் ஊரில் யாரிடமாவது பழைய நெல் ஒரு மரைக்காலாவது இருந்தால் அதை அழியவிடாதீர்கள்.

4. எந்த விதையை மீண்டும் விதைக்கலாம்?

நிலைத்துவிட்ட நெல்லினம் தன் மகரந்தத்தாலேயே காய்ப்பதால் பிள்ளை தாயைப் போலவே வரும். வேறு நெல்லோடு இயற்கையாகக் கலப்பது பொதுவாக நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. ஆகவே பி.ஜி., ஏ.ரி. நெற்களை வீட்டு விதையாக வைத்துக்கொள்ளலாம்.

கடையிலோ நிவாரணத்திலோ வரும் கலப்பினச் சோளம், தக்காளி, மிளகாய் விதைகள் வேறு வகை. அவை இரண்டு தனி இனங்களைக் கலந்து பெற்ற முதல் தலைமுறை. விதைத்த போகத்தில் ஒன்றுபோல் செழித்து வரும். அதிலிருந்து விதை எடுத்தால் மென்டலின் பேரப்பிள்ளைகளைப் போலப் பிரிந்து, ஒன்று உயரம், ஒன்று கட்டை, ஒன்று காய்க்கும், ஒன்று காய்க்காது என்று வரும். விளைச்சலும் விழும். பைக்கற்றில் "கலப்பினம்" அல்லது "எப் 1" என்று இருந்தால் அதை ஒரு போகத்துக்கான விதை என்று எண்ணிக்கொள்ளுங்கள். சேனையில் சொந்தச் சோள விதை வைத்திருக்க விரும்புவோர் விவசாயத் திணைக்களத்தின் ருவன், பத்ரா போன்ற திறந்த மகரந்தச் சேர்க்கை இனங்களைக் கேட்டு வாங்குங்கள். சோளத்தின் மகரந்தம் காற்றில் பறக்கும். ஆகையால் பக்கத்து வயலில் வேறு சோளம் பூக்கும் காலத்தில் உங்கள் சோளமும் பூக்காதபடி முன்பின்னாக விதைக்க வேண்டும்.

எச் 4 இல் உள்ள "எச்" என்ற எழுத்தைக் கண்டு அதையும் ஒரு போக விதை என்று எண்ண வேண்டாம். அது கலந்து பிறந்து, பின் நிலைத்துவிட்ட நெல்.

வீட்டு விதைநெல்லுக்குப் பின்வருமாறு செய்யலாம்:

- விதைக்கென்று வயலில் ஒரு பாத்தியை முன்கூட்டியே ஒதுக்குங்கள். வரம்போரத்தை விட்டு, பயிர் சீராக நிற்கும் நடுப்பகுதியைத் தெரியுங்கள்.
- மட்டம் கட்டும் பருவத்திலும், பூக்கும் பருவத்திலும், வெட்டுக்கு முன்னும் மூன்று முறை இறங்கிப் பாருங்கள். உயரத்திலோ நிறத்திலோ பூக்கும் நாளிலோ வேறுபட்டு நிற்கும் கலவனை வேரோடு பிடுங்குங்கள்.
- விதைப் பாத்தியைத் தனியாக வெட்டி, தனிக் களத்தில் சூடடித்து, தனிச் சாக்கில் கட்டி, இனத்தின் பெயரை எழுதி வையுங்கள்.
- மூன்று நான்கு போகத்துக்கு ஒருமுறை சான்றுபடுத்திய விதையால் புதுப்பியுங்கள்.

களை நெல்லைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 1990களிலிருந்து கிழக்கு வயல்களில் பெருகிவந்த இந்தக் களை, பார்வைக்கு நெல்லைப் போலவே இருக்கும். வெட்டுக்கு முன்னரே மணி உதிர்ந்துவிடும். உதிர்ந்தது மண்ணில் கிடந்து பின்னர் முளைக்கும். அதன் அரிசி பெரும்பாலும் சிவப்பு. சிவப்பு என்பது வெள்ளைக்கு ஆட்சியான இயல்பு. ஆகவே வெள்ளை நெல்லோடு களை நெல் கலந்தால் பிள்ளை சிவப்பாக வரும். ஆனால் அரிசியின் மேல்தோல் தாய்ச்செடியின் பகுதி. இந்தப் போகத்தில் நடந்த கலப்பை இந்தப் போகத்து அரிசியில் காண முடியாது. அடுத்த போகத்துச் செடியின் அரிசியில்தான் அது தெரியும். விதைநெல்லில் ஒரு கைப்பிடியை உமி நீக்கிப் பாருங்கள். வெள்ளை நெல்லில் சிவப்பு மணி கண்டால், அதை விதைக்க வேண்டாம், உணவுக்கு எடுங்கள்.

5. ஆட்டுப் பட்டி

வேதாகமத்தில் ஆதியாகமம் 30 ஆம், 31 ஆம் அதிகாரங்களில் யாக்கோபின் மந்தையைப் பற்றிப் படிக்கிறோம். அவனும் சொந்த ஊரை விட்டு ஓடி, மாமன் லாபானின் மந்தையை மேய்த்தவன். புள்ளியும் வரியுமுள்ள ஆடுகளே கூலி என்று பேச்சானது. லாபான் அப்படிப்பட்டவற்றையெல்லாம் முன்கூட்டியே பிரித்து அகற்றிவிட்டான். ஆயினும் எஞ்சிய ஒரே நிற ஆடுகள் புள்ளிக் குட்டிகளை ஈன்றன. யாக்கோபு மரக்கொப்புகளைப் பட்டை சீவித் தண்ணீர்த் தொட்டிகளில் வைத்தான். மறி எதைப் பார்க்கிறதோ அதைப் போல ஈனும் என்ற நம்பிக்கை பழங்காலத்தில் இருந்தது, நம் ஊரிலும் இருந்தது. ஆனால் அடுத்த அதிகாரத்தில், பொலியும் கடாக்களையே பார்க்கும்படி கனவில் அவனுக்குச் சொல்லப்படுகிறது. ஒரு நிற ஆட்டுக்குள் வேறு நிறத்தின் வித்து மறைந்திருக்கக்கூடும் என்பதை இன்று நாம் அறிவோம். கொப்பைப் பார்க்காமல் கிடாயைப் பார் என்பதே பட்டி வைத்திருப்போர் இதில் எடுத்துக்கொள்ளத்தக்க பாடம்.

கிடாயைத் தெரியும்போது அதன் தாயைக் கேளுங்கள். கிடாய் பால் தராது. ஆனால் தன் தாயின் பால் குணத்தைத் தன் பெண் குட்டிகளுக்குக் கொடுக்கும். இரட்டைக் குட்டி ஈன்று, இரண்டையும் பால் கொடுத்து வளர்த்த மறியின் ஆண் குட்டியே பட்டிக்கு ஏற்றது.

ஜமுனாபாரி போன்ற பெரிய இனக் கிடாயை ஊர் மறிகளோடு சேர்த்தால் குட்டிகள் உருவத்தில் பெருக்கும். ஆனால் கோடையையும் நோயையும் பற்றைத் தீனியையும் தாங்கும் வித்து ஊர் ஆட்டிடம் இருக்கிறது. ஊர் மறிகளை முழுவதும் விற்றுவிட்டால் அந்தப் பாதி நம் கையை விட்டுப் போய்விடும்.

ஒரே கிடாயை நெடுங்காலம் வைத்திருந்தால் அது தன் குட்டிகளையே சேரும். எல்லா உயிரிலும் தீய பின்னிடைவான சீட்டுக்கள் சில மறைந்திருக்கின்றன. நெருங்கிய இரத்தம் சேரும்போது அவை சந்திக்க இடமுண்டாகி, நோஞ்சான் குட்டிகளும் ஊனக் குட்டிகளும் கூடும். கிடாயின் முதல் பெண் குட்டிகள் சினைப்படும் பருவத்துக்கு வருமுன் அதை மாற்றுங்கள். விற்க வேண்டியதில்லை. வவுணதீவுக் கிடாயை வெல்லாவெளிக்கும், வெல்லாவெளிக் கிடாயை வவுணதீவுக்கும் மாற்றிக்கொண்டால் செலவின்றி முடியும்.

கொம்பில்லா ஆடுகளைச் சேர்ப்பதிலும் கவனம் வேண்டும். ஆட்டில் கொம்பின்மை ஆட்சியான இயல்பு. ஆனால் இரு பக்கமும் கொம்பின்மைச் சீட்டைப் பெற்ற பெண் குட்டி ஆணுமற்ற பெண்ணுமற்ற நிலையில், ஈனாததாகப் பிறக்கும். ஆகவே கொம்பில்லா மறிக்குக் கொம்புள்ள கிடாயையே சேருங்கள்.

6. நம் பிள்ளைகள்

இதே அறிவு மனிதருக்கும் பொருந்தும். தலசீமியா என்ற இரத்த நோய் இலங்கையிலும் உண்டு. தாய்க்கும் தகப்பனுக்கும் நோய் தெரியாது, சீட்டு மட்டும் மறைந்திருக்கும். இருவரும் அப்படியானால் ஒவ்வொரு பிரசவத்திலும் நான்கில் ஒரு பங்கு ஆபத்து உண்டு. இது சாபமோ தாயின் குற்றமோ அல்ல. மச்சான் மச்சாள் முறையில் கலியாணம் பேசும் குடும்பங்கள், குறிப்பாக உறவில் யாருக்காவது இந்நோய் இருந்தால், முற்கூட்டியே அரசாங்க வைத்தியசாலையில் இரத்தப் பரிசோதனை பற்றிக் கேட்டறிவது நல்லது.

முடிவாக ஒன்று. முகாமில் பிறந்து வளர்ந்த பிள்ளை கட்டையாகவும் மெலிவாகவும் இருப்பதைக் கண்டு, "இவன் பரம்பரையே இப்படித்தான்" என்று பேசுவதைக் கேட்கிறோம். அது உண்மையல்ல. கர்ப்பிணித் தாய் பட்டினி கிடந்தால் குழந்தை நிறை குறைந்து பிறக்கும். முதல் இரண்டு வருடங்களில் தவறிய வளர்ச்சியைப் பின்னர் முழுதாக ஈடுசெய்வதும் கடினம். அதனால்தான் கர்ப்பிணிக்கும் சிறு குழந்தைக்கும் வீட்டில் முதல் பங்கு கொடுக்க வேண்டும் என்கிறோம். ஆனால் பட்டினி வந்தது வெளியிலிருந்து. அந்தப் பிள்ளை தாய் தகப்பனிடம் பெற்ற வித்து குறைந்துபோகவில்லை. யொகான்சனின் சிறிய போஞ்சி விதையை நினைத்துக்கொள்ளுங்கள். நல்ல மண்ணில் இட்டபோது அதன் பிள்ளைகள் எதிலும் குறையவில்லை.

கூடிப் பேசுவதற்கு

1. உங்கள் ஊரில் இப்போது எந்தெந்தப் பழைய நெல் யார் யாரிடம் இருக்கிறது? ஒரு பட்டியல் எழுதுங்கள்.
2. கடைசியாக நிவாரணமாகப் பெற்ற விதைகளில் மீண்டும் விதைக்கத்தக்கவை எவை, ஒரு போகத்துக்கானவை எவை?
3. உங்கள் பட்டியின் கிடாய் எங்கிருந்து வந்தது? அதன் தாயைப் பற்றி யாருக்குத் தெரியும்? எந்த ஊரோடு அதை மாற்றிக்கொள்ளலாம்?
4. இடம்பெயர்வுக்குப் பின் "பரம்பரைக் குணம்" என்று நாம் சொல்லிவந்தவற்றில் உண்மையில் பட்டினியாலும் அலைச்சலாலும் வந்தவை எவை?